அக்காவைத் தேடும் விளையாட்டு

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று அக்கா வீட்டு டிவியில் நான் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். அக்கா பாதியில் எழுந்து போய்விட்டாள்.

முன்னோட்டமாக டெமோ வெளியாகி ஒன்பது நாள்தான். யாரோ ஒருவர் அதை விளையாடுவதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார். அக்கா மகள் மோகனப்பிரியா கண்டுபிடித்து, "மாமா, டிவியில போடுங்க" என்றாள். பழைய கம்ப்யூட்டர் காலத்துக் கட்டம் கட்டமான படம், பதினாறே நிறம். வீட்டை விட்டுப் போன ஒரு பெண்ணை, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பேசிப் பேசித் தேட வேண்டும். கதை, படம், கோடிங் எல்லாம் நான் ஒருத்தனே. அத்தான் கோவிந்தராசு வயலிலிருந்து வந்தவர் கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து பார்த்தார். திரையில் வேளாங்கண்ணி விடுதி வந்ததும் அக்கா, "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்தாள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 9

எனக்கு நானே எழுதுவதில் என்ன மறைப்பு? அது அக்கா கதைதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பதினோரு நாள் காணாமல் போனாள். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் தேடி, ஒரு விடுதியில் கண்டுபிடித்து அழைத்து வந்தது நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கே இருந்தாள் என்பது அக்கா, அத்தான், நான் — மூன்று பேருக்குத்தான் தெரியும். ஏன் போனாள் என்பது அத்தானுக்கும் எனக்கும் தெரியாது. அத்தான் கேட்கவே இல்லை.

முதலில் சும்மா இடத்தை நிரப்பத்தான் அக்காவைப் போட்டேன். அவள் சேலை, ஊக்கு குத்திய அவள் பை. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கேட்டார்கள். பதினைந்து வருடம் கும்பகோணத்தில் பழைய செல்போன் வாங்கி விற்று மேலே வந்தவன் நான். போகிற சரக்கை எவன் மாற்றுவான்? ஆனால் அவள் போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே. விடுதி அறையில் ஓர் ஆளை உட்கார வைத்தேன். பேர்கூட இல்லாத ஆள்.

செப்டம்பர் 11

அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, அந்த ஆளு யாரு?"

"எந்த ஆளு அத்தான்?"

"ரூமுக்குள்ள சேர்ல உக்காந்திருக்கானே, அவன்."

"அது நானா எழுதுனது."

"நீயா எழுதுனதா, தெரிஞ்சு எழுதுனதா?"

சத்தியம் பண்ணினேன். "சரி" என்று வைத்துவிட்டார். அந்த மனிதர் சரி என்றால் சரியில்லை.

செப்டம்பர் 12

அத்தான் மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறாராம். பிரியா சொன்னாள்: "நாத்தங்காலுக்குத் தண்ணி பாய்ச்சணும்ங்கறாரு மாமா. அது திங்கக்கிழமையே பாய்ச்சியாச்சு."

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

செப்டம்பர் 14

டெமோவை எடுத்துவிட்டேன். யூடியூபில் இருப்பதை என்ன செய்வது?

விளையாட்டை வெளியிட ஒத்துக்கொண்ட கம்பெனியில் ஜாஃபர் சாதிக்கிடம் பேசினேன். "அந்த ரூம்ல இருக்கற ஆள்தாங்க கேமே. அவனைத் தூக்கிட்டா எங்களுக்கு வேணாம்." நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்வேன். இரண்டு வருட உழைப்பு போகும்.

அக்காவிடம் பேரம் பேசிப் பார்க்கலாமா? ஊரை மாற்றுகிறேன், சேலையை மாற்றுகிறேன், ஆள் மட்டும் இருக்கட்டும் என்று?

செப்டம்பர் 15, ஞாயிறு

போனேன். அக்கா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறத்தை நிறுத்தவில்லை.

"ஊரையே என்னைத் தேட விட்டுட்டு, சேலையை மாத்துறியாக்கும்."

பதினைந்து வருடம் பேரம் பேசினவன் நான். சிந்திய உளுந்தைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"யாரும் தேடக் கூடாதுன்னுதான் போனேன். நீ வந்து நின்ன. என்னமோ கடல்ல விழுந்தவள தூக்கிட்டு வந்த மாதிரி இன்னிக்கு வரைக்கும் நெனச்சிக்கிட்டிருக்க. நீ வராட்டியும் மறுநாள் வந்திருப்பேன்டா. பஸ்ஸுக்குக் காசு தனியா முடிஞ்சு வச்சிருந்தேன்."

நான்தான் மீட்டேன் என்று — இருபத்திரண்டு வருடம்! அதை வைத்துத்தானே விளையாட்டே. கடைசிக் காட்சியில் கதவைத் தட்டுகிறவன் நான்தானே.

"அப்ப ஏன்க்கா போன?"

"இன்னிக்குத்தான் கேக்குற. அதுவும் உன் கேமுக்கு."

செப்டம்பர் 16

உங்கள் கம்பெனி வெளியிட வேண்டாம் என்று ஜாஃபருக்கு எழுதிவிட்டேன். இரண்டு வருடம் போனது. போகட்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக் கூடத்தில் நால்வரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். அந்த ஆள் என் கற்பனை, அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிரியா இருக்கும்போதே அத்தான் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர், "அவ சொன்னா சொல்றா, சொல்லாட்டிப் போறா. நீ எதுக்குய்யா நடுவுல?" என்றார். அக்கா அவருக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்.

விளையாட்டை மாற்றி எழுத ஒத்துக்கொண்டது இது. அறையும் கிடையாது, ஆளும் கிடையாது. விளையாடுகிறவர்கள் எத்தனை பேரைக் கேட்டாலும், எந்த ஊர் போய் அலைந்தாலும் அவள் கிடைக்க மாட்டாள். பதினோராம் நாள் அவளாகவே வீட்டுக்கு வருவாள். ஏன் போனாய் என்று விளையாட்டில் யாரும் அவளைக் கேட்கக் கூடாது. வெளியே நானும் இனிக் கேட்கக் கூடாது.