வியர்க்காத குதிரை

22 பிப்ரவரி 1983, செவ்வாய்

தீவனம் நிறுக்கும் தராசில் இன்று நான் ஏறி நின்றேன். நெய்னா முகம்மது எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த மூட்டைய எந்தக் குதிரைக்குப் பிரிச்சுப் போடணும்?" என்றான். லாயம் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருப்பவன். அந்த உரிமை.

பிறத்தியார் குதிரைகளை வைத்துக் கவனித்துக்கொள்வது என் தொழில். நான் குதிரை ஏறுவதை நிறுத்தி நாலு வருடமாகிறது. குதிரைகளின் நலம் கருதித்தான்.

இங்கே கட்டியிருப்பதெல்லாம் வெள்ளைக்காரர், ஜப்பான்காரர் குதிரைகள். ஒன்றே ஒன்று நம்மாளுடையது. வழக்கறிஞர் கோவிந்தசாமி, லண்டனில் படித்துவிட்டு வந்த மகள் வனஜாவுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் தமிழன் குதிரைக்கு வால் பக்கம்தான் நின்றிருக்கிறான். கடிவாளத்துக்குச் சொந்தக்காரராக ஒருவர் வந்ததும், மாதா கோயிலில் ஒரு பெஞ்சு விடாமல் சொல்லித் தீர்த்தேன். குதிரையின் பெயர் டியூக். நாங்கள் துரை என்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு இறங்கிய வனஜா, "பாருங்க அங்கிள், மத்த குதிரைக்கெல்லாம் வேர்த்து ஊத்துது. டியூக் மட்டும் ஸோ க்ளீன் லா," என்றாள். "துரை இல்லையா? ஏர்கான் ஆபீஸ்ல வேலை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவள் போனபின் துரையின் கழுத்தில் கை வைத்தேன். மேலே காய்ந்த காகிதம், உள்ளே அடுப்பு. ஓட்டம் நின்று எவ்வளவோ நேரமாகியும் விலா இன்னும் துருத்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இதையா வேடிக்கை ஆக்கினேன்?

25 பிப்ரவரி, வெள்ளி

மருத்துவர் வந்து பார்த்தார். நான் பயந்ததுதான். குளிர் நாட்டிலிருந்து வருகிற குதிரைகளில் சிலவற்றுக்கு இந்த ஊர் வெக்கையில் வியர்வை கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகும். அப்புறம் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. மூச்சு விட்டே தணிக்கப் பார்க்கும். ஒருநாள் முடியாமல் விழும். மருந்து கிடையாது. குளிர்ந்த ஊருக்கு அனுப்பினால் பிழைத்துவிடும், மறுபடி வியர்க்கவும் வியர்க்கும்.

என் மனைவி அற்புதமேரியின் சித்தப்பா மகன் லாசரஸ், கேமரன் மலையில் தேயிலைத் தோட்ட மேலாளர். இரண்டு குதிரை வைத்திருக்கிறார். போன் போட்டேன். "அனுப்புங்க மச்சான். துரைமாருக்கு இது பழைய இடந்தானே," என்றார்.

இடம் இருக்கிறது. லாரி இருக்கிறது. சொந்தக்காரர் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

3 மார்ச், வியாழன்

கோவிந்தசாமி கோலாலம்பூரில். அவர் திரும்பும்வரை துரைக்கு இரண்டு மின்விசிறி, மணிக்கொரு தரம் தண்ணீர். கூடவே தீவனத்தில் கறுப்பு பீர். பலன் உண்டா தெரியாது, பழைய ஆட்கள் கொடுப்பார்கள் என்று மருத்துவரே சொன்னார். கிளமெண்டி காப்பிக்கடையில் தினம் இரண்டு பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். துரை குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டு, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.

13 மார்ச், ஞாயிறு

தவக்காலத்தில் சூசைநாதனாகிய நான் குடிக்க ஆரம்பித்துவிட்டேனாம். பங்கு முழுக்க இதுதான் பேச்சு. அல்போன்சம்மாள் கைங்கரியம். காப்பிக்கடைக்கு எதிர் புளோக்கில் இருக்கிறாள்.

"குதிரைக்குத்தான் வாங்குறாருன்னு சொன்னேன்," என்றாள் அற்புதமேரி. "அவ என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. எங்க அண்ணனும் இப்படித்தான் என்னத்தையாவது சொல்லுவாரு, நீ மனச விட்றாதங்குறா."

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நான் கிளப்பிவிட்ட கதைகளில் பாதிக்கு இரண்டு பாட்டில் ஆதாரம்கூடக் கிடையாது.

19 மார்ச், சனி

கோவிந்தசாமி வந்தார். எல்லாம் சொன்னேன். நின்று, நிதானமாக, கைகட்டி.

"குதிரைக்கு வேர்க்கலைன்னு கம்ப்ளெய்ண்ட் பண்ற ஆள இப்பத்தான்யா பாக்குறேன்," என்றார். நான் இரண்டாம் தடவை சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு தயாராக நிற்கிறது, நான் முடிக்கிற இடத்துக்காகக் காத்துக்கொண்டு. மருத்துவரிடம் கேளுங்கள் என்றேன். அவரும் உன் கூட்டாளிதானே என்றார். மே கடைசியில் குதிரையேற்றக் காட்சி. மாப்பிள்ளை வீட்டார் கோலாலம்பூரிலிருந்து வருகிறார்கள், வனஜா துரைமேல் வருவதைப் பார்க்க. அது முடியட்டும், பிறகு மலையோ கடலோ பார்க்கலாம் என்றார்.

துரை மே கடைசியைப் பார்க்க மாட்டார்.

கழுதை கத்தினால் ஏன் கத்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை.

24 மார்ச்

துரை பாதித் தீவனத்தை மிச்சம் வைக்கிறார். நெற்றியில் முடி உதிர்கிறது. எனக்கு வழிகிற வியர்வையில் கால்வாசி கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

2 ஏப்ரல், சனி

நேற்று பெரிய வெள்ளி. நான் கோயிலில். வனஜாவுக்கு ஆபீஸ் லீவு. நல்ல உச்சி வெயிலில் வந்திருக்கிறாள். வேணாம்மா என்று நெய்னா தடுத்திருக்கிறான். ஒரே ரவுண்ட் என்று ஏறியிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் துரைக்கு முன்னங்கால் மடங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது நெய்னா குழாயோடு நிற்கிறான். துரை எழுந்து நின்றுவிட்டார், மூக்கு மட்டும் அகல விரிந்து படபடக்கிறது. வனஜா அந்த ஈர வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நான் அப்பாகிட்ட பேசுறேன் அங்கிள்," என்றாள்.

பேசியிருக்கிறாள். காட்சி நாளை நினைத்து உனக்குப் பயம் வந்துவிட்டது என்று தட்டிக்கொடுத்தாராம்.

9 ஏப்ரல், சனி

உண்மை போய்ச் சேராத வீட்டுக்குப் பொய் போகும். இது என் வாழ்நாள் ஆராய்ச்சி.

கோவிந்தசாமியிடம் அறிவியல் பேசினால் வாய்தா கேட்பார். ஆனால் அவர் மனைவி கண்மணி ராகு காலம் பார்க்காமல் கடுகு தாளிக்காதவர். அவர் வீட்டுக்குப் பூ கொடுப்பவள் பஃபலோ ரோட்டில் உட்கார்ந்திருக்கும் ரத்தினம்மா. அவளிடம் ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டு சிராங்கூன் சாலையைக் கடப்பதற்குள் அது எதிர்ச்சாரிக்குப் போயிருக்கும்.

இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். பெருமூச்சு விட்டேன். என்ன என்றாள்.

"மாட்டுக்குச் சுழி பாக்குற மாதிரி குதிரைக்கு வேர்வை பாப்பாங்க ரத்தினம்மா. வேர்வ நின்னுபோன குதிரையக் கிட்டத்துல வெச்சிருந்தா, அந்த வீட்ல கல்யாணம் கூடாதாம். எங்க தாத்தா சொல்லுவாரு."

என் தாத்தா ரப்பர் மரத்தைத் தவிர எதையும் தொட்டதில்லை.

பூக்கட்டும் விரல் நின்றது. "யாரு வீட்டுக் குதிர?"

அதெல்லாம் எதற்கு என்று நடையைக் கட்டினேன். பேர் சொல்லாமல் விடுவதுதான் தொழில் நுணுக்கம். குதிரை வைத்திருக்கும் தமிழ் வீடு ஊருக்கே ஒன்று. கண்மணி ஒரு சத்தம் போட்டால் துரை மறுநாள் மலை ஏறிவிடுவார்.

அற்புதமேரி மல்லிகையை வாங்கிக்கொண்டு என் வாயை மோந்து பார்த்தாள்.

14 ஏப்ரல், வியாழன்

கிளமெண்டி சந்தைக்குப் போன அற்புதமேரி, மீனோடு சேர்த்து என் கதையையும் வாங்கிவந்தாள். இந்த மாதிரிக் குதிரையால் ஆங் மோ கியோவில் ஒரு குடும்பமே அழிந்ததாம். ஆங் மோ கியோ என் சரக்கு இல்லை. யாரோ ரசிகர் சேர்த்திருக்கிறார்.

லாசரஸிடம் இடத்தைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன். "பேசாம ஜோசியக் கடை போட்ருங்கண்ணே, இந்தச் சாணிய நான் அள்ளிக்கிறேன்," என்றான் நெய்னா. நெடுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

17 ஏப்ரல், ஞாயிறு

கண்மணி அம்மா வந்தார். காரை விட்டு நாலடி தள்ளி வரவில்லை. லாயத்தின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லித்தான் அண்ணே எங்க கண்ணு தொறந்துச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அது போயிரணும். அவருகிட்ட சண்ட போட்டு ஒத்துக்க வெச்சுட்டேன்."

எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. கேமரன் மலை தயார், லாரி நாளைக்கே வரும் என்றேன்.

"மலைக்கா? எங்க கட்டுனாலும் எங்க பேருலதானே இருக்கும்? தோஷம் பேரோட ஒட்டிக்கிட்டு வரும்னு ரத்தினம்மா சொல்றா. கைமாறிடணும்ணே. அவரு கட்சிக்காரர் ஒருத்தர் ஜொகூர்ல கடற்கரையோரமா ஓட்டல் வெச்சிருக்காராம். வர்றவங்கள ஏத்திக்கிட்டு மணல்ல சுத்துறதுக்குக் குதிர வேணுமாம். குடுத்துறேன்னுட்டாரு."

மணலில். வெயிலில். நாளெல்லாம்.

அப்படியானால் என் பேருக்கு எழுதிக் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை—கண் கலங்கிவிட்டது அந்த அம்மாவுக்கு.

"உங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்குல்ல? எங்களப் புடிச்சத உங்க தலையில கட்டுவேனா? எனக்கு மனசு வருமா?"

நான் உடைந்துபோனேன். "அம்மா, அப்படி ஒரு தோஷமே கெடையாது. நான் கட்டிவிட்ட கத. தாத்தாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குதிரையக் காப்பாத்தத்தான் சொன்னேன். சத்தியமாச் சொல்றேன், மாதா மேல ஆணையா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்காக இப்படிப் பொய்ச் சத்தியம் எல்லாம் பண்ணாதீங்கண்ணே. உங்க மனசு எனக்குத் தெரியும்."

கார் போய்விட்டது. ஏண்டா, ஏண்டா, உனக்கு வாய் எதுக்குடா?

20 ஏப்ரல், புதன்

கோவிந்தசாமியின் ஆபீஸுக்கு இரண்டு தடவை போனேன். "ஒரு பொம்பளையோட மூடநம்பிக்கைக்காக நான் தலையாட்ட வேண்டியதாப் போச்சு, நீ வேற ஏன்யா?" என்றார். அதற்குமேல் என் பேச்சை அவர் கேட்கவில்லை.

இன்று காலையில் லாரி வந்தது. துரை தானாகவே ஏறினார். நல்ல வளர்ப்பு. டிரைவரிடம் வெயிலைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கவில்லை.

வனஜாவிடம் வீட்டில் சொல்லவில்லைபோலும். ஆபீஸ் முடிந்து கேரட்டோடு வந்தாள். நெய்னாதான் சொன்னான். நான் தீவன அறையில் ஒளிந்திருந்தேன். இந்த உடம்பை மறைக்க மூன்று மூட்டை தேவைப்பட்டது.

23 ஏப்ரல், சனி

பாவசங்கீர்த்தனம். முழுக்கச் சொன்னேன். ஆங் மோ கியோ வந்ததும் திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கியது கேட்டது. பரிகாரம், மூன்று அருள்நிறை மரியே செபம். அவ்வளவுதான் என் எடை.

1 மே, ஞாயிறு

நானும் நெய்னாவும் ஜொகூர் போனோம். உச்சி வெயில். துரை கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, மேலே ஒரு தடித்த சுற்றுலாக்காரர், பின்னால் வரிசையில் இன்னும் நாலு பேர். ஓட்டல் முதலாளி கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு இளநீர் கொடுத்தார். நல்ல குதிரை, வியர்வை நாற்றமே கிடையாது, விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று மலாயில் சொன்னார். நான் என் மலாய் முழுவதையும் கொட்டினேன். சரி, மதியத்தில் ஓய்வு கொடுக்கிறேன் என்றார். திருப்பிக் கொடுங்கள் என்றதற்குச் சிரித்தார்.

சமையல்கட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினோம், அவர்கள் போதும் என்று குழாயை மூடும்வரை. துரை என் பைக்குள் மூக்கை விட்டுத் துழாவினார். வெறும் பை. பாட்டிலை எல்லையில் கேட்பார்களோ என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நெய்னா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

12 மே, வியாழன்

போன் வந்தது. நேற்று மதியம். மணலில்.

13 மே, வெள்ளி

இன்று இரண்டு பாட்டில் வாங்கி நானே குடித்தேன். அல்போன்சம்மாளை இனிப் பொய்க்காரி என்று யாரும் சொல்லமுடியாது.

4 செப்டம்பர், ஞாயிறு

வனஜா கல்யாணம். கண்மணி அம்மா வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்துக் கூப்பிட்டிருந்தார். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அற்புதமேரி பட்டுப் புடவையை எடுத்துவிட்டாள்.

முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கண்மணி அம்மா சம்பந்தியம்மாவை அழைத்துவந்து, "இவரு ஒருத்தராலதான் இந்தக் கல்யாணமே நடக்குது," என்றார். சம்பந்தியம்மா என்னைக் கும்பிட்டார். கோவிந்தசாமி தூரத்தில் நின்று தோளைக் குலுக்கினார். குதிரை செத்தது அவருக்குத் தெரியுமா, தெரியவில்லை. கேட்கவில்லை.

மேடையேறி வாழ்த்தும்போது வனஜா குனிந்து மெதுவாகக் கேட்டாள். "டியூக் எப்படி இருக்கான் அங்கிள்? ஹேப்பியா இருக்கானா?"

"நல்லா இருக்கான்மா. கடல் காத்து ஒத்துக்கிச்சு. இப்பல்லாம் நல்லா வேர்க்குது."

முகம் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை அவள் மாப்பிள்ளைக்குக்கூட அதுவரை கொடுத்திருக்கவில்லை.

பந்தியில் நெய்னா வேறு வரிசையில் போய் உட்கார்ந்தான். பாயசம் இரண்டாம் தடவை வந்தது. வேண்டாம் என்றேன். கையால் இலையை மறைத்துக்கொண்டு, நிஜமாகவே வேண்டாம் என்றேன். பரிமாறுகிற ஆள் சிரித்துக்கொண்டே என் கையை விலக்கிவிட்டு, இலை நிறைய ஊற்றிவிட்டுப் போனான்.