ஆரபியாகிவிடும் தேவகாந்தாரி

9-10-79, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். துணி உலரவில்லை. மண்ணெண்ணெய் வாங்க மறந்தாயிற்று. தறியில் சேலை பாதி.

திங்கட்கிழமை வேலூரில் பாட்டுப் பரீட்சை. தேறினால்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. போன வருஷம் தேவகாந்தாரி ராகம் கேட்டார்கள். பாடினேன். "இது ஆரபிம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானம் இன்னும் எரிகிறது.

இரண்டு ராகத்துக்கும் ஸ்வரம் ஒன்றேதான். ஏறும்போது ஸ ரி ம ப த, இறங்கும்போது ஏழும். வித்தியாசத்தை எங்கே போய்த் தேட? இன்றும் நெய்துகொண்டே பாடிப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான், ஆரபியாகிவிடுகிறது. பக்கத்துத் தறியிலிருந்து என் வீட்டுக்காரர்: "இன்னா ஜல்தி உனுக்கு? யாராவது தொரத்திகினு வராங்களா?" எனக்குக் கோபம்.

11-10, வியாழன்

விடிய விடிய மழை. கால் இறக்கி மிதிக்கும் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறிவிட்டது. இறைக்க இறைக்க ஊறுகிறது. மிதிகட்டையில் கால் வைக்க வழியில்லை. வேலை போச்சு.

சும்மா பலகைமேல் சம்மணம் போட்டுப் பாடினேன். தேவகாந்தாரி வந்தது! மெதுவாக, அசைந்து அசைந்து, இழுத்த இடத்தில் நின்றது. மறுபடி பாடினேன். ஓடவில்லை.

அவர் வாளியும் கையுமாக நின்று கேட்டார். "இது வேற பாட்டா?"

"அதேதாங்க."

"அப்ப இத்தினி நாளா உன் காலு பாடிகினு இருந்துதா?"

சிரித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். ஆமாம். ஆரபி நேராக, விறுவிறுவென்று போகும். மிதிக்கிற வேகத்துக்கு அதுதான் வரும். தேவகாந்தாரிக்கு அவசரம் ஆகாது. ஸ்வரத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், நடையைக் கவனிக்கவில்லை. என் தொண்டையில் கோளாறு இல்லை. அழுகையே வந்துவிட்டது.

உளுந்து தீர்ந்தது.

13-10, சனி

வெயில். குழி வற்றியது. அவர் மட்டும் இறங்கினார். "நீ எறங்காத. பரீட்சை ஆவட்டும்."

15-10, திங்கள்

போய் வந்தாயிற்று. பஸ்ஸில் நின்றபடியே. குடையை எங்கோ விட்டுவிட்டேன், போகட்டும். தேறிவிட்டேன், அங்கேயே சொல்லிவிட்டார்கள். அப்பாடா.

போன வருஷத்து ஆள்தான். தேவகாந்தாரியே கேட்டார். பாதியில் கால் கட்டைவிரல் தறி மிதிக்கிற மாதிரி ஆட ஆரம்பித்தது. சேலையோடு சேர்த்துக் கையால் அழுத்திக்கொண்டேன். முடியும்வரை விடவில்லை.

தலையாட்டினார். "சரிம்மா. இப்ப ஆரபி பாடுங்க."

கையை எடுத்துவிட்டேன்.