அப்பா எண்ணுக்கு வந்த அழைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? செவ்வாய்க்கிழமை அப்பா போனுக்கு அழைத்தது நான்தான், பயப்படாதே.

வேலையில் நான் எழுதும் மென்பொருள் உதவிக் குறிப்பு எதையும் போனில் அவரிடம் படித்துக் காட்டாமல் நான் முடித்ததில்லையே. அன்று ‘டைம்அவுட்’ என்பதை, “எதிர்முனையில் பதில் இல்லையென்றால் எத்தனை நொடி காத்திருப்பது” என்று எளிதாக்கியதும், பழக்கதோஷத்தில் கை அவர் எண்ணை அழுத்திவிட்டது. மணி அடித்த பிறகுதான் அவர் போய் நாற்பது நாளானது உறைத்தது. “அப்பாவுக்குப் புரிஞ்சுதா?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். தலையாட்டிவிட்டேன். அவர் இறந்ததை இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு வை. இனி மணி அடித்தால் நீ எடு. ஆறுதலெல்லாம் வேண்டாம். அவரைப் போலவே, “ஒண்ணும் புரியல, திரும்பச் சொல்லு” என்று அதட்டு, போதும்.

உன் மகள்