வார்த்தை முடிந்தும் நிற்காத வட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் முட்டி வலி தேவலையா? ஃபோனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

"டைப் அடிக்கவா அவ்ளோ தூரம் போறே?" என்று கேலி செய்தீர்களே, அதை வியாழக்கிழமை எல்லார் முன்பும் செய்து காட்டினேன். கம்ப்யூட்டரில் நான் வரிவரியாகக் கட்டளைகளை எழுத எழுதச் சத்தம் பிறக்கும். அதற்கேற்பத் திரையில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும். சத்தத்துக்கு, நீங்கள் வாராவாரம் அனுப்பும் குரல் பதிவைத்தான் எடுத்துக்கொண்டேன். 'நல்லா இருக்கேம்மா' என்பதை இருபது மடங்கு நீளமாக இழுத்தேன்.

வார்த்தை முடிந்தும் வட்டம் நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தது.

"கேபிள்ல ஏதோ இரைச்சல், மாத்திப் பாரு" என்றார் வாத்தியார். மாற்றியும் போகவில்லை. பார்த்தவர்கள் அதுவும் என் வேலை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அறைக்கு வந்து பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். மார்ச்சில் வார்த்தைக்குப் பிறகு வட்டம் அசையவே இல்லை. ஜூனிலிருந்து அசைகிறது. அது கேபிள் இல்லை அப்பா, உங்கள் மூச்சிரைப்பு.

ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். என் நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள், இங்கே குளிர். அப்படியே அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் நெஞ்சைக் காட்டுங்கள். அடுத்த பதிவில் 'நல்லா இருக்கேம்மா' வேண்டாம், டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நேற்று நீங்கள் அனுப்பிய பதிவு வந்து சேர்ந்தது. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை அப்பா, கை வரவில்லை.

உங்கள் மகள்