இரண்டு முறை வந்த ஒன்பதரை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று நாலு இடத்தில் கேமரா சர்வீஸ். லென்ஸ் துடைப்பது, ஒயர் பார்ப்பது, தாளில் டிக் போடுவது. தாளில் பதினோரு கட்டம். கடைசிக் கட்டம் ‘நேரம் சரி’. எல்லாவற்றையும் பைக்கில் உட்கார்ந்தபடியே போட்டுவிடுகிறேன். எவன் பார்க்கிறான்?

மதன்குமார் போன் செய்தான். பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது வெள்ளகோவில் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை. அங்கே கேமரா மாட்டியவன் நான்தான். சின்ன வயதில் ஞாயிறு காலைகளில் அவன் வீட்டு டிவியில் ஒரு விண்வெளிக் கப்பல் தொடர் பார்ப்போம், தமிழ் டப்பிங். யாரோ அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம்.

“அந்தக் காலப்பயண எபிசோடும் இருக்குதுடா. ஞாயித்துக்கெழமை வா.”

வாரேன் என்றேன்.

பிப்ரவரி 4

மதன் செத்துப்போய்விட்டான். பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள்.

பிப்ரவரி 5, புதன்

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் வெங்கடபதி சார் கூப்பிட்டார். கோவை காந்திபுரத்தில் நான் வேலை செய்யும் கடை அவருடையது. போலீசுக்கு வீடியோ காப்பி வேண்டுமாம், போய் எடுத்துக் கொடு என்றார். செத்தது என் நண்பன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன். பட்டறை கேட்டில் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். நான் உள்ளே நுழையும்போது வாட்ச்மேன்கள் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரை மூலையில் 9.52. என் போனில் 9.10. கை தன்னால் போய் நேரத்தைச் சரி செய்துவிட்டது. மூக்கு ஒழுகினால் துடைப்பதுபோல, யோசிக்காமல். பிறகு முந்தின நாள் மாலையைத் தேடி, கண்ணைத் திருப்பிக்கொண்டு பென் டிரைவில் இறக்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கம்பெனி சொல்வது: ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. சூப்பர்வைசர் சென்னகேசவன் வீட்டுக்குப் போய்விட்டார். தொட்டியில் விழுந்த போனை எடுக்க மதன் தானாக இறங்கினான். வீடியோவில் அவன் இறங்கும் நேரம் 6.13.

அதில் ரெக்கார்டர் முந்தி ஓடிய நாற்பத்திரண்டு நிமிடத்தைக் கழி. 5.31.

நெட் இல்லாத இடம். கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி ஓடியிருக்கிறது. பட்டறையின் ஜனவரித் தாளில் ‘நேரம் சரி’, டிக், கிருபாசங்கர் என்று என் கையெழுத்து. கடிகாரம் தப்பாக ஓடியதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் என் கையே துடைத்துவிட்டது.

இறங்கினவனுக்கு ஒரு முகமூடி கிடையாது. அவன் இறங்குவதைப் பார்க்க நாலு மெகாபிக்சல் கேமரா உண்டு.

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்த எபிசோடைத் தனியாகப் பார்த்தேன். கப்பலின் எஞ்சினியர் ஒரு மணி நேரம் பின்னால் போகிறான். அவன் நண்பன் செத்த மணி. பார்க்கலாம், எதையும் தொட முடியாது. தான் கதவைப் பூட்டுவதைத் தானே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேப்டனிடம் சொல்கிறான், பூட்டியது நான் என்று. அவ்வளவுதான் கதை. சின்ன வயதில் இதைப் பார்த்தபோது மதன் தலையணையை டிவி மேல் எறிந்தான். “தொட முடியாதுன்னா என்ன மயித்துக்குடா போறான்?”

செட்டு அட்டைப் பெட்டி. சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பிப்ரவரி 11

வெங்கடபதி சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“நீ ஒண்ணுமே பண்ண வேண்டாங்கண்ணு. டிக்கு போட்டுப்போட்டே. அதோட உட்டுரு.”

“பொய் டிக்குங்க சார்.”

“அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். டிஸ்க்குல பதிவு இருபது நாளைக்குத்தான் நிக்கும். அப்பறம் தன்னால அழிஞ்சுரும். பட்டறைக்காரங்க நமக்கு ஆறு எடம் குடுத்திருக்காங்க. கடைல உன்னையச் சேத்து நாலு பேரு சோறு திங்கறீங்க.”

நல்ல மனுஷர். அம்மாவின் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தவர். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 13

மதன் வீட்டுக்குப் போனேன். அவன் அக்கா லோகப்பிரியா காப்பி கொடுத்தார். குடித்தேன். சொல்லவில்லை. டிஸ்க் அழிய இன்னும் பன்னிரண்டு நாள். நான் யார்? எதற்கு இருக்கிறேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

கடையில் யாரும் இல்லை. பழைய ரெக்கார்டர் ஒன்றை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் திருப்பினேன். பிறகு போட்டுப் பார்த்தேன். 11.20க்கு நான் டீ கிளாசோடு நிற்கிறேன். அடுத்த துண்டிலும் 11.20. கையில் கிளாஸ் இல்லை.

திருப்பினால் பழையது அழிவதில்லை. அதே நேரத்தை மறுபடி எழுதுகிறது.

அப்படியென்றால் பட்டறை டிஸ்க்கில் 5ஆம் தேதியின் ஒன்பதரை இரண்டு முறை இருக்கிறது. ஒன்றில் கேட்டில் பெண்கள். இன்னொன்றில் காலி கேட், என் பைக். யார் எப்போது நேரத்தை மாற்றினார்கள் என்ற பதிவும் உள்ளே இருக்கும். 25ஆம் தேதி வரைக்கும்.

பிப்ரவரி 19, புதன்

சொல்லிவிட்டேன். லோகப்பிரியா அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கேஸை அணைத்தார்.

“டிக்கு போட்டப்போ பாத்தியா?”

“இல்லீங்க்கா.”

“இத்தனையும் உள்ள வெச்சுட்டா அன்னிக்கு வந்து காப்பி குடிச்சுட்டுப் போன?”

அக்கா சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தார்.

“சென்னகேசவன் நின்னு எறக்கினத ரெண்டு பேரு பாத்திருக்காங்க. கேட்டா, மணி ஆறுக்கு மேல ஆச்சுன்னு வீடியோ சொல்லுதே, நாங்க என்னன்னு சொல்றதுங்கறாங்க. நீ எழுதித் தருவியா?”

“தர்றேங்க்கா.”

“அழுவாத. எனக்கு உன்னையத் தேத்தறதுக்குத் தெம்பில்ல.”

பிப்ரவரி 21, வெள்ளி

திருப்பூர். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம். மூன்று மணி நேரம் பெஞ்சில். உள்ளே போனதும் அதிகாரி ஜனவரித் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இந்த டிக்கு பொய்யி, இப்பச் சொல்றது நெசம்?”

“ஆமாங்க.”

“உன்னைய எப்படித் தம்பி நம்பறது?”

“என்னைய நம்ப வேண்டாங்க. அந்த டிஸ்க்கப் பாருங்க. அன்னிக்கு ரெண்டு ஒம்போதரை இருக்குது.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை படித்துவிட்டு.

பிப்ரவரி 24, திங்கள்

ரெக்கார்டரைக் கைப்பற்றிவிட்டார்கள். ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. சாயங்காலம் வெங்கடபதி சாரிடமிருந்து செய்தி. ‘நாளைலிருந்து வர வேண்டாம் கண்ணு.’ அந்தக் கண்ணு மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 12, சனி

வால்பாறை. எஸ்டேட் கேமரா வேலை, தினக்கூலி. பகல் முழுக்க மழை. லோகப்பிரியா அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது, விசாரணை அறிக்கையின் மூன்றாம் பக்கம். ‘மாலை 5.31 மணியளவில், பணி நேரத்தில், மேற்பார்வையாளரின் உத்தரவின்பேரில்.’ அதற்குக் கீழே இரண்டு வரி தள்ளி என் பெயர், ‘கடமையில் அலட்சியம்’ என்று. படத்தைச் சேமித்து வைத்தேன்.

ஆபீசில் தாளை நீட்டினார்கள். பத்துக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டேன். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் போனை எடுத்து ரெக்கார்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டிலும் 4.06. கிளார்க் குடையை எடுத்துக்கொண்டு, “முடிஞ்சுதுங்களா?” என்றார்.

4.07 ஆகும்வரை நின்றேன். இரண்டும் சேர்ந்தே மாறின.