ஜெர்மனிக்குக் காலியாகப் போன கவர்

திருக்கோகர்ணம்,
ஆவணி 15

அன்புள்ள தம்பி பிரவீன்குமாருக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, அப்பாவும் நன்றாக இருக்கிறார், இந்த மூன்று வாரமாகத்தான் நன்றாக இருக்கிறார், அதற்கு நீதான் காரணம், எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அவர் காதில் விழும், வாட்ஸ்அப்பில் எழுதினால் அந்தப் போன் பாதி நேரம் அவர் கையில்தான் இருக்கிறது, அதனால் தாளில் எழுதி, மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானே தபாலில் சேர்க்கப் போகிறேன். கந்தர்வக்கோட்டையில் உன் அக்கா தேவிப்ரியா நன்றாக இருக்கிறாள், இந்த வருஷம் முந்திரி பூத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு கொட்டை சரியாகக் காய்க்கவில்லை, இருந்தும் உனக்கென்று இரண்டு கிலோ எடுத்து வைத்திருந்தாள், இப்போது அதை என்ன செய்தாளோ தெரியாது, கேட்கவும் மாட்டேன். போன மூன்று ஞாயிறும் நீ கூப்பிட்டபோது அப்பா எங்கே என்று கேட்டாய், ஒரு வாரம் குளிக்கிறார் என்றேன், அடுத்த வாரம் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன், அதற்கடுத்த வாரம் தூங்குகிறார் என்றேன். மூன்று தடவையும் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், உன்னோடு பேச மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவன் நீ. போன தை மாதம் லீவில் வந்து அப்பாவின் ஸ்டாம்பு ஆல்பங்களை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தாயே, அன்றைக்கே இது எங்கே போய் முடியுமோ என்று நினைத்தேன். பூச்சி அரித்து வீணாகப் போவதற்கு ஆன்லைனில் போட்டால் வெளிநாட்டுக்காரன் கொத்திக்கொண்டு போவான் என்றாய், உன் பேரில் கணக்குத் திறந்தாய், விலை பேசுவதும் பணம் வாங்குவதும் நீ, பேக் பண்ணி அனுப்புவது அப்பா என்று முறை வைத்தாய். தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்த மனிதர், பிள்ளை கேட்கிறானே என்று சரி என்றார். அனுப்புவதில் எத்தனை வில்லங்கம் இருக்கிறது என்பதை அவர்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். ஈரம் பட்டால் பின்பக்கப் பசை போய்விடும், மடங்கினால் விலை போய்விடும், கஸ்டம்ஸ் தாளில் மதிப்பைக் குறைத்து எழுதினால் தொலைந்தபோது கேட்க முடியாது, கூட்டி எழுதினால் வாங்குகிறவன் வரி கட்டமாட்டேன் என்று திருப்பி விடுவான், ரிஜிஸ்டர் பண்ணினாலும் கடல் தாண்டிய பிறகு கவர் எங்கே நிற்கிறது என்று இங்கிருந்து பார்க்க வழியில்லாமல் போகும், எல்லாவற்றுக்கும் மேலே, போய்ச் சேர்ந்த பிறகும் வரவில்லை என்று அவன் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் பணம் அவனுக்கே திரும்பிவிடும். இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு நான்கு கவர் அனுப்பினார், நான்கும் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு கவர் போன பிறகும் ஆல்பத்தில் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார், அது உனக்குத் தெரியாது, நீ போட்டோவில்தானே பார்த்தாய்.

ஐந்தாவதாக நீ விற்றது அந்த நாலு ராஜா தலை. பிரிட்டிஷ் ராஜா படம் போட்ட நான்கு ஸ்டாம்பு, பிரிக்காமல் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருப்பது. நீ பிறப்பதற்கு முன்பே காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது, வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். அதை மட்டும் வேண்டாம்டா என்று அவர் போனில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன், ஜெர்மனிக்காரர் பணம் கட்டிவிட்டார் இனி மாட்டேன் என்றால் என் கணக்கில் ஸ்டார் குறைந்துவிடும் என்றாய் நீ. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, கண்ணாடித்தாள் உறையில் ஸ்டாம்பைப் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, ஒரு புதன்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்தொன்பதாம் நாள் ஜெர்மனிக்காரர் படம் அனுப்பினார், கவர் பிரிபடவில்லை, டேப் அப்படியே இருக்கிறது, உள்ளே அட்டை இருக்கிறது, ஸ்டாம்பு இல்லை. நான்கு ஸ்டாம்புக்கு என்ன கனம் இருக்கும், எடை போட்ட ரசீதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தபாலில் எடுத்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஜெர்மனிக்காரர் பொய் சொல்கிறாரோ என்று நான் வாயெடுத்தேன், ஸ்டாம்பு சேர்க்கிறவன் அப்படிச் செய்யமாட்டான் என்று அப்பாவே அடக்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா தோசையைப் பிய்த்த கையோடு உட்கார்ந்திருந்தார். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. "அம்மா, அப்பாவுக்கு மறதி வந்துருச்சு, நீயாவது ஒத்துக்க. வெறும் அட்டைய ஒட்டி அனுப்பிட்டு பெட்டி பெட்டியாத் தேடிக்கிட்டு இருக்காரு." அதோடு விட்டாயா, புத்தி தெளிவாக இருக்கும்போதே வீட்டுக்குப் பவர் எழுதி வாங்கிவிடலாம், மிச்ச ஆல்பத்தை மொத்தமாக ஒரே ஆளிடம் தள்ளிவிடலாம் என்றும் சொன்னாய். அப்பா பாதித் தோசையோடு எழுந்துவிட்டார். தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, பய சொல்றது சரிதான் என்றார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடினேனா என்று என்னைக் கேட்பார், அடுப்புப் பக்கமே போகாத மனிதர். சட்டைப்பையில் தன் பேரும் நம் வீட்டு விலாசமும் எழுதிய சீட்டு வைத்துக்கொண்டார். நீ சொன்னபடி திருச்சிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன், வயதுக்குரியதுதான் வேறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார், என் முன்னால சொல்ல வேண்டாம்னு நீதானே டாக்டர்கிட்ட சொல்லி வச்ச என்று பஸ்சில் என்னைக் கேட்டார். டவுன் பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணத் தெரியாமல் என் கையில் கொடுத்தார். தாலுகா ஆபீசில் புல எண்ணைச் சொன்னால் பட்டாதாரர் பேரை ரிஜிஸ்டரைத் திறக்காமல் சொன்னவர் அவர்.

இப்போது கேட்டுக்கொள். அவர் எதையும் மறக்கவில்லை. ஸ்டாம்பை எடுத்தது நான்.

அந்தப் புதன்கிழமை அட்டைக்கு நடுவில் வைத்துக் கவரில் போட்டு முடித்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ராகு காலம் போன பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று, வாய் திறந்த கவரைப் பிரகதாம்பாள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். சாமி காலடியில் வைத்து எடுத்ததை அவர் மறுபடியும் பிரித்துப் பார்க்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒன்றரை மணிக்குள் ஸ்டாம்பை எடுத்துக் கேஸ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டது அதுவே முதல் தடவை, ஈரக் கையோடு வராதே என்று என்னை அந்த மேசைப் பக்கமே விட்டதில்லை அவர். ஒரு கவர் தொலைந்தால் நீ பயந்துபோய் விற்பதை நிறுத்துவாய், ஸ்டாம்பு வீட்டிலேயே கிடக்கும், கொஞ்ச நாள் கழித்து அவர் கையில் கொடுத்துச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். தபாலைச் சொல்வாய், ஜெர்மனிக்காரரைச் சொல்வாய் என்றுதான் நினைத்தேன். பெற்ற அப்பனைப் பைத்தியம் என்பாய் என்று நான் நினைக்கவில்லை. குற்றம் என் மேல் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது, தினமும் சாதம் வடிக்கும்போது அதுதான் எனக்கு நினைப்பு. ஆனால் நான் எடுத்தது நான்கு ஸ்டாம்பு, நீ எடுத்தது அவர் புத்தியை.

திருச்சியிலிருந்து வந்த மறுநாளே ஸ்டாம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஏங்க, நான்தாங்க எடுத்தேன் என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார், ஸ்டாம்பைப் பிடிக்கிற சாமணத்தைக் கூடத் தேடவில்லை, வெறும் விரலால் வாங்கினார். பார்த்துவிட்டு, "எங்க கெடந்துச்சு?" என்றார். எங்கும் கிடக்கவில்லை, நான் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். "நீ என்னயத் தேத்தாத அருணா, நான் உள்ள வைக்க மறந்து வீட்லயே போட்டுட்டேன், நீ கண்டெடுத்துட்டு இப்படிச் சொல்ற" என்று சொல்லி என் தலையைத் தடவினார். கொண்டுவந்து காட்டிய ஸ்டாம்பே அவருக்கு அவருடைய மறதிக்கு அத்தாட்சி ஆகிவிட்டது. இனிமே இது ஒன்கிட்டயே இருக்கட்டும் என்று பீரோச் சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை டாக்குமென்ட் ரைட்டர் ஆபீசுக்குப் போய் நீ கேட்ட பவரில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். நான் அவர் பொருளைத் தொடுவேன் என்பதைக் கடைசி வரைக்கும் அவர் நம்பவே இல்லை.

அதனால் புதன்கிழமை மத்தியானம் அவர் நம்பக்கூடிய ஒன்றைச் சொன்னேன். நீ சொல்லித்தான் எடுத்தேன் என்றேன். வேறொருத்தன் கூடுதல் விலை தருகிறான், ஜெர்மனிக்காரனுக்கு வெறும் கவர் போகட்டும், பழியை அப்பா மறதி மேல் போட்டுவிடலாம், ஸ்டாம்பை மட்டும் எடுத்து வை என்று உங்க மகன் போனில் சொன்னான் என்றேன். தம்பி, அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இத்தனை நாள் நான் உண்மையைச் சொல்லி நம்பாதவர் இதை ஒரு நொடியில் நம்பினார். என்னைக் கூடத் திட்டவில்லை, பெத்தவ நீ, அவன் கேட்டா செய்யாம என்ன செய்வ என்றார். அன்று சாப்பாட்டில் ரசம் இன்னொரு கரண்டி கேட்டார். சட்டைப்பையிலிருந்த விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டார். வியாழக்கிழமை டாக்குமென்ட் ரைட்டருக்குப் போன் போட்டுப் பவர் வேண்டாம் என்று அவரே சொன்னார், வீட்டுப் பத்திர எண்ணைத் தாளைப் பாராமல் சொன்னார். இப்போது கேஸைப் பற்றி என்னைக் கேட்பதில்லை.

ஆகையால் அப்பா ஏன் பேசவில்லை என்று இனி என்னைக் கேட்காதே. நீ லீவில் வரும்போது உன்னை நிற்க வைத்து அவர் கேட்பார். ஆமாப்பா என்று சொல், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இல்லை என்று நீ சாதித்தால், அவர் மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பிள்ளை இப்படி ஆகிவிட்டானே என்ற வருத்தத்தை அவர் தாங்கிக்கொள்கிறார், நான் தினமும் பார்க்கிறேன். தன்னையே நம்ப முடியாமல் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மருமகள் இருக்கிறாள், நீ சமாளித்துக்கொள்வாய். இது அநியாயம் என்று எனக்கும் தெரியும். தேவிப்ரியாவிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன், அவள் கொஞ்ச நாள் உன்னைக் கூப்பிடமாட்டாள்.

மருமகளை அதட்டிப் பேசாதே, வண்டியை நிதானமாக ஓட்டு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீயும் அவளும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்று பிரகதாம்பாளை வேண்டிக்கொள்கிறேன், பழி சுமத்திவிட்டு வேண்டுகிறாளே என்று நினைக்காதே, அது வேறு இது வேறு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இந்தக் கடிதத்தை வைத்திருந்து ஒரு நாள் அப்பாவிடம் காட்டலாம் என்று இருக்காதே, அவருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும், படித்து முடித்துவிட்டு, பாவம், பயலக் காப்பாத்துறதுக்கு இவ எழுதிக் குடுத்திருக்கா என்றுதான் சொல்வார்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
நா. அருணா