நான்காவது ஷரத்து

மார்ச் 3
நஷ்டஈட்டு வழக்கின் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வலது கையில் இரண்டு விரல் போன பிறகு பழகிய இடது கைக் கோணல் எழுத்து. மேனேஜர் எழுந்து வந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவருடைய அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பதினோரு வருஷம் கட்டிங் மிஷினில் நின்றேன். ஒருநாள் உட்காரச் சொன்னதில்லை. இன்றைக்கு என்ன திடீர்க் கரிசனம்? சமரசம் என்றால் எல்லாரும் இப்படித்தான் குழைவார்களோ?

மார்ச் 4
ஒப்பந்த நகலை நிதானமாகப் படித்தேன். ஆபீஸில் வேலை, வைத்தியச் செலவு - எல்லாம் என் வக்கீல் சொன்னபடியே. நான்காவது ஷரத்தை மட்டும் அவர் வாசித்துக் காட்டவில்லை: 'மிஷினில் எந்தக் குறையும் இல்லை, விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது.'
போன் செய்தேன். "அது சும்மா சம்பிரதாயம்மா. பன்னெண்டாம் தேதி ஜட்ஜ் முன்னாடி சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றார்.
சும்மா என்றால் அது எதற்கு அங்கே?

மார்ச் 5
வக்கீல் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை.

மார்ச் 7
"போட்டாச்சுல்ல, விட்டுத் தொலையேன்" என்கிறார் இவர். என் முகத்தைப் பார்க்காமல். இவர் ஓட்டுவதும் அதே கம்பெனி வேன். கூப்பிட்டுப் பேசியிருப்பார்களோ? கட்டின புருஷனையே சந்தேகப்படுறேன், சீ. ஆனா ஏன் முகத்தைப் பாக்கலை?

மார்ச் 9
லாக்கரில் கிடந்த என் சாமான்களை எடுக்கக் கம்பெனிக்குப் போனேன். என் மிஷினில் புதிதாக ஒரு பெண். கைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்பை இன்னமும் மேலே தூக்கிக் கம்பியால் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் வேலை வேகமாக ஓடுமாம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.
"நீங்க கவனமில்லாம கையை விட்டுட்டீங்கன்னு சார் சொன்னாருக்கா. நான் பாத்து செஞ்சுக்குவேன்" என்று சிரித்தாள்.
என் போன் நம்பரை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10
கேட்டேவிட்டேன். "உங்களையும் விலைக்கு வாங்கிட்டாங்களா?"
இவர் தட்டை நகர்த்தி வைத்தார். "நீ மாத்திப் பேசினா வேன் சாவியை வெச்சுட்டுப் போகணும்னு சொன்னாங்க. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"
வாங்கவில்லை. மிரட்டியிருக்கிறார்கள். நான் கேட்ட வார்த்தையை இனி எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது?

மார்ச் 12
ஜட்ஜ் "சம்மதமா?" என்றார்.
"இல்லைங்கய்யா. நாலாவதுல இருக்கறது பொய்."
வெளியே வந்ததும் வக்கீல், "இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களேம்மா" என்றார். யார் கழுத்தை யார்?
வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலில் நின்றிருந்தார். சாவியைக் காலையிலேயே கொடுத்துவிட்டாராம். நான் கோர்ட்டில் வாய் திறப்பதற்கு முன்பே.

மார்ச் 26
வழக்கு முதலிலிருந்து ஆரம்பம். வேறு வக்கீல்; படபடவென்று பேசுகிற பெண். இவர் காய்கறி லாரிக்குப் போகிறார்.
மதியம் அந்த மிஷின்காரப் பெண் போன் செய்தாள். "தடுப்பை இறக்கி விடுங்கன்னு கேட்டேன்க்கா. இஷ்டமில்லேன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. நான் வந்து சாட்சி சொல்றேன். கோர்ட்டுக்கு எந்த பஸ்?"
மேனேஜர் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு பஸ் நம்பரைச் சொன்னேன். ஸ்டாப்பில் நானே வந்து நிற்கிறேன் என்றும் சொன்னேன்.